தோட்டா வைத்துக்கொண்ட பொட்டு!

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் ஹீரோவின் நெற்றிக்கு நேராக ரிவால்வரை நீட்டுவான். விசையை அழுத்துவான். 'க்ளிக்!' அவ்வளவுதான். ஹீரோ மெல்லச் சிரித்து, காலரைச் சரிசெய்துகொண்டு, உதைக்க ஆரம்பிப்பார்.

நம் சினிமாவில் இந்த 'க்ளிக்'குக்கு ஒரே காரணம்தான். தோட்டா தீர்ந்து போச்சு! (ஆறு தோட்டா ரிவால்வரில் பதினெட்டு தடவை சுட்ட பிறகு என்பது வேறு விஷயம்.) நிஜத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தோட்டா இருக்கும். உள்ளே மருந்து இருக்கும். முனையில் குண்டு இருக்கும். ஆனாலும் வெடிக்காது. தோட்டாவின் பின்பக்கம், நட்ட நடுவில், பொட்டு வைத்த மாதிரி வட்டமாக ஒன்று இருக்கிறதே... அது அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பொட்டின் பெயர் பிரைமர். (சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பூசுவார்களே, அது வேறு பிரைமர். அது வேலை செய்யாவிட்டால் சுண்ணாம்புதான் உதிரும். இது சொதப்பினால் விரல் உதிரும்.)

தீபாவளிக்குக் கேப் வெடித்த ஆசாமிகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சிவப்புச் சுருளில் கறுப்புப் புள்ளி. சுத்தியல் தட்டியதும் 'டப்'. பிரைமரும் ஜாதியில் அதேதான். சின்ன உலோகக் கிண்ணம். அதற்குள் சில பத்து மில்லிகிராம் மருந்து. அதன்மேல் குட்டிப் பட்டறைக்கல் மாதிரி ஒரு தகடு. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் குத்துகிறது. மருந்து ஊசிக்கும் பட்டறைக்கல்லுக்கும் நடுவே நசுங்குகிறது. பொறி பறக்கிறது. அந்தப் பொறி ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. பிறகுதான் குண்டு கிளம்புகிறது.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், பெரிய மருந்துதான் மானேஜர். பிரைமர் டெஸ்பாட்ச் கிளார்க். மானேஜர் எவ்வளவு சூரராக இருந்தாலும் கிளார்க் சீல் வைக்காமல் தபால் வெளியே போகாது.

அமெரிக்காவின் வீட்டுத் தொழில்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதை வார இறுதிப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் ஒரு கோஷ்டி, தோட்டாவையும் வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறது. இதற்கு ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்றால்தான் தேவை.

இதில் லாஜிக் என்னவென்றால், தோட்டாவிலேயே விலை உயர்ந்த சமாச்சாரம் அந்தப் பித்தளைக் கூடு. சுட்ட பிறகும் அது அப்படியே இருக்கிறது. காலி சோடா பாட்டில் மாதிரி! தூக்கி எறிய மனசு வருமா? பொறுக்கி எடுத்து வருகிறார்கள். மேஜையில் பொருத்திய ஒரு பிரஸ்ஸில் வைத்து நெம்புகோலை அழுத்தினால் பழைய பிரைமர் கீழே விழும். கூடு பழைய அளவுக்குச் சுருங்கும். புதுப் பிரைமரைச் செருகி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தினால் தோட்டா தயார்.

இதில் மருந்தை நிறுப்பதற்குத் தங்கக் கடைத் தராசு ரேஞ்சில் கவனம் காட்டுவார்கள். குண்டு வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். பிரைமர் என்றால் மட்டும், "ஏதோ ஒண்ணு குடுப்பா" என்கிற அலட்சியம் வந்துவிடுவதுண்டு. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சின்னது, பெரியது, அப்புறம் மாக்னம்

கைத்துப்பாக்கி பிரைமர்களில் இரண்டே சைஸ்தான். சின்னது 0.175 அங்குல விட்டம். பெரியது 0.210 அங்குலம். 9 எம்.எம்., .38 ஸ்பெஷல், .357 மாக்னம், .40 எஸ் அண்ட் டபிள்யூ இவற்றுக்கெல்லாம் சின்னது. .44 மாக்னம், .45 கோல்ட், .45 ஏ.சி.பி. ஆகியவற்றுக்குப் பெரியது.

"இவ்வளவுதானா? சுலபமாச்சே!" என்கிறீர்களா? பொறுங்கள். .45 ஏ.சி.பி.யில் சில கம்பெனிகள் சின்னப் பிரைமருக்கான கூடுகளையும் வெளியிட்டிருக்கின்றன. வெளியே பார்த்தால் இரட்டைப் பிறவி. பொறுக்கி வந்த கூடுகளைப் பிரிக்காமல் பிரஸ்ஸில் போட்டால், சின்ன ஓட்டைக்குள் பெரிய பிரைமரைத் திணிக்கும் வைபவம் நடக்கும். அழுத்தினால் வெடிக்கிற பொருளைப் போட்டு அழுத்துவது உசிதமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த குழப்பம், ரைஃபிள் பிரைமர். சின்ன ரைஃபிள் பிரைமரும் சின்னக் கைத்துப்பாக்கிப் பிரைமரும் அளவில் ஒன்றே. ஓட்டையில் சமர்த்தாக உட்காரும். ஆனால் ரைஃபிளின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் கிண்ணம் தடிமனாக இருக்கும். தோல் தடித்த ஆசாமி! கைத்துப்பாக்கியின் மென்மையான அடிக்கு அசைந்து கொடுக்காமல் போகலாம். 'க்ளிக்!' இதையே திருப்பிப் போட்டு, மெல்லிய கைத்துப்பாக்கிப் பிரைமரை ரைஃபிள் தோட்டாவில் வைத்தால் ஆபத்து அதிகம். கிண்ணம் கிழிந்து, சூடான வாயு சுடுபவர் பக்கம் பின்னால் பீறிடும்.

பெரியதில் கதை வேறு. விட்டம் ஒன்று, உயரம் வேறு. பெரிய ரைஃபிள் பிரைமர் சுமார் 0.2 மில்லிமீட்டர் உயரம் அதிகம். கைத்துப்பாக்கிக் கூட்டில் வைத்தால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். 0.2 மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். துருத்திய பிரைமரின் மேல் ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் கனமான ஸ்லைடு மோதினால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்க வாய்ப்பு உண்டு. ரிவால்வரில் என்றால் உருளை சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வகை, மாக்னம் பிரைமர். இது சைஸில் அதே சைஸ். குணத்தில் கொஞ்சம் முன்கோபி. அதிக உஷ்ணமான, அதிக நேரம் நீடிக்கும் பொறியைத் தரும். மெதுவாக எரிகிற, சுலபத்தில் தீப்பிடிக்காத உருண்டை வகை மருந்துகளுக்கு இது தேவை. எச்110 என்ற மருந்து இதற்குப் பிரபல உதாரணம். .357, .44 மாக்னம் தோட்டாக்களில் போடுவது.

இங்கே ஒரு பொதுவான தவறான அபிப்பிராயம் இருக்கிறது. தோட்டாவின் பெயரில் மாக்னம் என்று இருந்தால் பிரைமரும் மாக்னமாகத்தான் இருக்க வேண்டும் என்று. அப்படி இல்லை. பிரைமரைத் தீர்மானிப்பது தோட்டாவின் பெயர் அல்ல. உள்ளே போடுகிற மருந்து. .357 மாக்னத்திலேயே வேகமாக எரிகிற மருந்தைப் போட்டால் சாதா பிரைமர் போதும்.

அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?

நாம் அட்ஜஸ்ட் பண்ணுவதில் மன்னர்கள். மூன்று பேர் ஸீட்டில் நாலு பேர். காபிப் பொடி தீர்ந்தால் டீ. ரீலோடிங் பிரியர்களுக்கும் இந்தச் சபலம் 2020-ல் பலமாக வந்தது.

அந்த வருஷம் அமெரிக்காவில் கொரோனா, கலவரம், தேர்தல் என்று எல்லாம் சேர்ந்துகொள்ள, ஜனங்கள் துப்பாக்கியும் தோட்டாவுமாக வாங்கிக் குவித்தார்கள். பிரைமர் தயாரிக்கிற கம்பெனிகளே தோட்டாவும் தயாரிப்பவை. கைவசமிருந்த பிரைமரைத் தங்கள் தோட்டாவுக்கே வைத்துக்கொண்டன. கடைகளில் அலமாரி காலி. முன்பெல்லாம் ஆயிரம் பிரைமர் கொண்ட பெட்டி சுமார் 30 டாலருக்குக் கிடைக்கும். அது கைமாற்று விலையில் 100 டாலரைத் தாண்டியது. நம்மூர் பிளாக் டிக்கெட் கதைதான்.

அந்த நாட்டில் பெரிய பிரைமர் பிராண்டுகள் நாலு: சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இதில் முதல் மூன்றும் ஒரே குழுமத்துக்குச் சொந்தம். அந்தக் குழுமத்தையும் 2024 நவம்பரில் ஒரு செக் நாட்டுக் கம்பெனி வாங்கிவிட்டது. ஆக, தட்டுப்பாடு என்றால் கடை மாறிப் பார்க்கவும் பெரிதாக வழியில்லை.

அப்போது எல்லோர் மனசிலும் எழுந்த கேள்வி: "சாதா பிரைமர் இல்லை. மாக்னம்தான் இருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. பங்க்சர் கடையில் "முப்பது வைப்பா" என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்றழுத்தம். 9 எம்.எம். தோட்டா வெடிக்கும்போது அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் அனுமதிக்கிற உச்ச அழுத்தம் 35,000 பவுண்டு! .38 ஸ்பெஷலுக்கு 17,000. .45 ஏ.சி.பி.க்கு 21,000. இந்த அழுத்தத்தைத் தாங்கும் உலோகம் உங்கள் உள்ளங்கையில், முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவில் மருந்து போட்டுவிட்டு, சாதா பிரைமருக்குப் பதில் மாக்னத்தை வைத்தால், அழுத்தம் கோட்டைத் தாண்டலாம். பிராண்டை மாற்றினால்கூட அழுத்தம் மாறும். அதனால்தான் லைமேன், ஸ்பியர், ஹார்னடி போன்ற கம்பெனிகள் வெளியிடும் ரீலோடிங் கையேடுகளில், ஒவ்வொரு அளவுக்கும் எந்தப் பிரைமரில் சோதித்தோம் என்று பெயர் சொல்லியே போடுகிறார்கள். அது விளம்பரம் இல்லை சார். மருத்துவர் சீட்டு!

அட்ஜஸ்ட் பண்ணவே கூடாதா என்றால், பண்ணலாம், ஒரு விதிமுறையோடு. எந்த ஒரு பாகத்தை மாற்றினாலும், மருந்தைக் கையேட்டின் ஆரம்ப அளவுக்கு இறக்கிவிட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். புது மானேஜர் வந்தால் நாம் முதல் வாரம் எப்படி நடந்துகொள்கிறோம்? அப்படி. பெரிய பிரைமருக்குப் பதில் சின்னது, கைத்துப்பாக்கிக்குப் பதில் பெரிய ரைஃபிள் பிரைமர் என்பதெல்லாம் இந்த விதிக்குள் வராது. அதற்குப் பேச்சே கிடையாது.

"சுட்ட பிறகு பிரைமர் முகத்தைப் பார்த்தே அழுத்தத்தைச் சொல்லிடுவேன்" என்று சில சீனியர்கள் கிளம்புவார்கள். தட்டையாகியிருந்தால் அதிக அழுத்தம், உருண்டையாக இருந்தால் சரி என்று. ரைஃபிளில் அது ஓரளவு பலிக்கும். கைத்துப்பாக்கியில் முக ஜோசியம்தான். பிரைமரின் முகம் சாதுவாக இருக்கும்போதே அழுத்தம் எல்லை கடந்திருக்கலாம்.

பாதிரியாரும் வாத்துகளும்

இந்தப் பொட்டைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் ஒரு பாதிரியார் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார், அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். பிரசங்கம் போக மீதி நேரத்தில் வாத்து வேட்டை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டி, வெளியே கொட்டிய மருந்து 'பளிச்'சென்று எரிந்து, அதன் பிறகே குண்டு கிளம்பும். வாத்து புத்திசாலி. பளிச்சைப் பார்த்ததும் எஸ்கேப்!

கடுப்பான பாதிரியார், தட்டினாலே வெடிக்கிற ஃபல்மினேட் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தி ஒரு விசையை உருவாக்கி, 1807-ல் காப்புரிமை வாங்கினார். அந்த ஐடியாதான் பிறகு செம்பு மூடியாகி, கடைசியில் தோட்டாவின் முதுகிலேயே பொட்டாக உட்கார்ந்தது.

1866-ல் இன்னொரு தமாஷ். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் ஒரு வகைப் பிரைமருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் இங்கிலாந்தில் எட்வர்ட் பாக்ஸர் இன்னொரு வகைக்கு. பாக்ஸர் வகையில் பட்டறைக்கல் பிரைமருக்குள்ளேயே இருக்கும். கூட்டில் நடுவே ஒரே ஓட்டை. பெர்டன் வகையில் பட்டறைக்கல் கூட்டின் பகுதி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. கடைசியில் அமெரிக்கா ஆங்கிலேயர் வகையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ராணுவங்கள் பலவும் அமெரிக்கர் வகையை எடுத்துக்கொண்டன. மாப்பிள்ளை மாறிய கல்யாணம்!

ரீலோடிங் என்ற பொழுதுபோக்கு அமெரிக்காவில் இவ்வளவு செழித்ததற்கு இந்த மாறாட்டமும் ஒரு காரணம். நடு ஓட்டை வழியாக ஓர் ஊசியை விட்டுத் தள்ளினால் பாக்ஸர் பிரைமர் வெளியே வந்துவிடும். பெர்டனில் அந்த ஊசி உள்ளே இறங்கினால் ஊசிதான் உடையும்.

உள்ளே இருக்கும் மருந்தும் மாறிக்கொண்டே வந்தது. பாதரச ஃபல்மினேட் பித்தளைக் கூட்டைப் பலவீனமாக்கியது. பொட்டாசியம் குளோரேட் (நம் தீக்குச்சித் தலையில் இருப்பதும் இதுதான்) சுட்ட பின் உப்பை விட்டுச்சென்றது. உப்பு ஈரத்தை இழுக்க, குழல் துருப்பிடித்தது. இன்றைக்குப் பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது காரீய ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. துருப்பிடிக்காது. ஆனால் சுட்டவர் கையில் காரீயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்த நுண்துகள்கள் படியும். தடயவியல் நிபுணர்கள் சந்தேகப்படும் ஆசாமியின் கையில் தேடுவது இந்த மும்மூர்த்திகளைத்தான். குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதும் நம் பொட்டுதான்!

காரீயம் என்பதால் இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். பழைய பிரைமர்களைக் கையாண்ட கையோடு சாண்ட்விச் சாப்பிடக் கூடாது. கூடுகளைச் சுத்தம் செய்யும்போது பறக்கிற தூசி, குழந்தைகள் இருக்கிற அறைக்குள் போகக் கூடாது.

விரல் சொல்லும் சேதி

சரியான பிரைமரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது. சரியாக உட்காரவும் வேண்டும். கூட்டின் அடிப்பரப்பை விட ஒரு மயிரிழை உள்ளே. விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும். மேடு தட்டினால் அந்தத் தோட்டா நிராகரிப்பு. நிமிர்ந்து நிற்கிற பிரைமர் மேல் ஊசி குத்தும்போது, முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். வெடிக்காது.

ராணுவக் கூடுகளில் பிரைமர் கழன்று விழாமல் இருக்க ஓட்டையின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை இருந்தால் உஷார். அந்த விளிம்பைச் சரிசெய்யாமல் புதுப் பிரைமரைத் திணித்தால் கோணலாகத்தான் உட்காரும்.

பிராண்டுக்குப் பிராண்டு சருமமும் வேறு. ஃபெடரல் மென்மைக்குப் பெயர் போனது. சி.சி.ஐ. கொஞ்சம் கெட்டி. போட்டிகளில் சுடுபவர்கள் விசை லேசாக இருக்க வேண்டும் என்று ரிவால்வரின் ஸ்ப்ரிங்கைத் தளர்த்துவார்கள். அடியின் வேகம் குறையும். அங்கே மென்மையான பிரைமர்தான் கைகொடுக்கும்.

அப்படியும் 'க்ளிக்' என்றால்? உடனே குழலுக்குள் எட்டிப்பார்ப்பது சினிமா காமெடியனின் வேலை. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கிற ரகமும் உண்டு.

'க்ளிக்'கை விட மோசமானது 'புஸ்'. மருந்து போட மறந்துபோன தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்த சத்தம் அது. அந்தத் துளிப் பொறிக்கே, குண்டைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலின் நடுவில் மாட்டிவைக்கிற வலு உண்டு. சத்தம் கம்மியாயிருக்கே என்று யோசிக்காமல் அடுத்த முறை விசையை அழுத்தினால், முன்னே போக வழியில்லாமல் குழல் வெடிக்கும். அந்த ஒரு விநாடி நிறுத்தி, இறக்கி, குழலைச் சோதிப்பவர்தான் மறுநாள் பத்து விரலோடு டைப் அடிப்பார்.

பாட்டிலில் போடாதே!

பிரைமர்கள் தட்டுக்கு நூறாக, ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் வரும். இவ்வளவு இடத்தை அடைக்கிறதே என்று யாராவது ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைத்தால், அது பாட்டில் அல்ல, குண்டு. ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும். பெட்டியிலேயே, ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் அதிகபட்சம் 10,000 என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதிமுறை. ஒவ்வொரு முறை பிரஸ்ஸில் உட்காரும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ரகம்.

"சரி சார், நம்மூரில் வீட்டில் செய்து பார்க்கலாமா?" என்று கேட்கிற இளைஞருக்கு: 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கிற இயந்திரமுமே அந்தச் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். ஆகையால் நாம் தீபாவளிக் கேப்போடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அதையும் மொத்தமாகப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். மூன்று பேர் ஸீட்டில் நாலாவது ஆள் வந்து உட்காருவார்!